தட்டுக்குள் கேட்ட குரல்

அத்தியாயம் 6

‘தயவுசெய்து தொடவும்’ என்று விஞ்ஞானக் கூடத்தின் வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள்.

கோதண்டம் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு அதை இரண்டு தடவை படித்தார்.

“மேடம், ஒரு ஆளு வந்தானா இல்லையானு இங்க கைரேகை எடுத்துக் கண்டுபுடிக்கணும்னா, தாம்பரம் தாலுக்காவுக்கே ஆதார் எடுத்த மாதிரி ஆயிடும்.”

“கைரேகை வேண்டாம்ணா. நாம தேடறது குரல்,” என்றாள் சுப்ரஜா.

“குரலுக்கு இன்னா ரேகை கீது?”

“அதைத்தான் பாக்கணும்.”

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள் சுப்ரஜா. அதற்கு முன்பு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை வேலை. செத்ததாகச் சான்றிதழ் வாங்கப்பட்டவர்கள் வேறு ஊரில் உட்கார்ந்து பரோட்டா பிய்ப்பதை நிறையப் பார்த்துவிட்டதால், யார் செத்தார் என்று சொன்னாலும் சட்டென்று நம்பாத சுபாவம் அவளுக்கு வந்துவிட்டது. கோதண்டம் அவளுடைய உதவியாளர். முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஆட்டோவை ரூட்டிலிருந்து எடுத்துவிட்டாரே தவிர, வாய் இன்னும் ரூட்டில்தான் ஓடுகிறது.

பின் சீட்டிலிருந்து மஹாலட்சுமியும் அவள் மகள் அஞ்சலியும் இறங்கினார்கள். கானத்தூருக்கு அந்தண்டை ஒரு குப்பம் இவர்களுக்கு. மஹாலட்சுமி மீன் விற்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆவணி விடியற்காலையில் அவள் புருஷன் இளமாறன் தனியாக ஃபைபர் படகில் தொழிலுக்குப் போனான். படகு மட்டும் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. உடலைப் பார்க்காமல் காரியம் செய்ய விடமாட்டேன், தாலியையும் கழற்றமாட்டேன் என்று மாமியார் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் வியாழக்கிழமை அஞ்சலியின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இந்த விஞ்ஞானக் கூடத்துக்கு அழைத்து வந்தார்கள். போனவள் திரும்பி வந்து, அப்பா பேசினார் என்றாள். அவளுக்கு ஒன்பது வயது. அடித்தும் பார்த்தாகிவிட்டது, மந்திரித்தும் பார்த்தாகிவிட்டது. சொன்ன வார்த்தையிலிருந்து அவள் இம்மியும் நகரவில்லை. சாப்பாடு மட்டும் பாதியாகிவிட்டது.

“உசுரோட கீறாரா இல்லியா. அத்த மட்டும் சொல்லிடுங்க மேடம்,” என்று மஹாலட்சுமி நேற்று ஜெராக்ஸ் கடை மாடியேறி வந்து கேட்டாள்.

கேஸை எடுத்துக்கொண்டபோதே சுப்ரஜாவுக்கு ஒரு கணக்கு இடித்தது. செத்திருந்தால் செத்தவன். உயிரோடு இருந்தால், இரண்டு வருஷமாக ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் என்று ஒன்று அவள் பார்த்ததே இல்லை.

கூடத்தின் பொறுப்பாளர் வேதசிரோமணி பௌதிக ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைக்கு நன்றாக மை அடித்திருந்தார். சனிக்கிழமை என்பதால் உள்ளே பிள்ளைகளின் இரைச்சல் கூரையைத் தூக்கியது. ஒருவன் கோணல் கண்ணாடியில் தன் வயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கைப்பிடியைச் சுற்றினால் பல்பு எரியும் மேஜையைப் பார்த்ததும் அஞ்சலி ஓடிப்போய்ச் சுற்றினாள். பல்பு எரிந்தது.

“இன்னா பாப்பா, பீச்சாங்கையில சுத்துற?” என்றார் கோதண்டம்.

“எங்கப்பா மாதிரி,” என்றாள் அஞ்சலி. இடது கைப் பழக்கத்துக்காக வீட்டில் அவள் அடி வாங்கியிருக்க வேண்டும். அப்படியும் பெருமையாகத்தான் சொன்னாள்.

தோட்டத்துக்குப் போனார்கள். புல்தரையின் இரண்டு கோடியிலும், ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு பெரிய தட்டுகள் ஒன்றையொன்று பார்த்து நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் இரும்பு வளையம். குழந்தைகளின் முக உயரத்துக்கு வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஏறி நிற்க ஒரு சிமெண்டுப் படி.

“இந்த வளையத்துக்கிட்ட மெதுவாப் பேசினா, அந்தக் கோடியில இருக்கறவங்களுக்குக் காதுல பேசற மாதிரி கேக்கும். நடுவுல நிக்கறவங்களுக்கு ஒண்ணும் கேக்காது,” என்றார் வேதசிரோமணி. “தட்டு, சத்தத்தை எல்லாம் சேத்து வாங்கி அந்தப் பக்கம் அனுப்பிடும். கரெண்டு கிடையாது, மைக் கிடையாது.”

“அண்ணா, அந்தப் பக்கம் போய் ஏதாவது பேசுங்க. ரகசியமா,” என்றாள் சுப்ரஜா.

கோதண்டம் புல்தரையைக் கடந்து போய் வளையத்தில் வாயை வைத்தார். சுப்ரஜாவும் வேதசிரோமணியும் இந்தப் பக்கம் குனிந்தார்கள்.

“மேடம், சாரு தலைக்கு மை அடிச்சாரு, புருவத்த மறந்துட்டாரு.”

பக்கத்தில் நின்று சொன்னதுபோல அத்தனை தெளிவாகக் கேட்டது. வேதசிரோமணி நிமிர்ந்து, விரலால் புருவத்தைத் தடவிக்கொண்டார்.

“விஞ்ஞானம் வேலை செய்யுது சார்,” என்றாள் சுப்ரஜா, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

பிறகு அஞ்சலியை அதே வளையத்தின் முன்னால் நிற்க வைத்தாள். “அன்னைக்கு என்ன கேட்டுது, அப்படியே சொல்லும்மா.”

“‘ஏ நெத்திலி, இங்க வா’ அப்டின்னு கேட்டுச்சு. எங்கப்பா மட்டுந்தான் என்ன நெத்திலினு கூப்டும். நான் ‘அப்பா’ன்னேன். அப்பறம் சத்தமே வரல. ஓடிப் போய்ப் பாத்தேன். யாருமே இல்ல.”

“கூப்பிட்ட குரல் கோபமா இருந்துதா, கொஞ்சற மாதிரியா?”

அஞ்சலி யோசித்தாள். “கொஞ்சிகினுதான்.”

மஹாலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

கேமரா இருந்தது. ஆனால் மழையில் நனைந்ததிலிருந்து அது தோட்டத்தைப் பார்ப்பதில்லை என்றார் வேதசிரோமணி. “அன்னைக்கு வந்த ஆம்பளைங்கள்ல உங்களுக்கு யாராவது ஞாபகம் இருக்காங்களா?” என்று சுப்ரஜா கேட்டாள்.

“ஒருத்தர் இருக்கார். அவரால எனக்கு இன்னிக்கு வரைக்கும் தலைவலி. வாங்க காட்டறேன்.”

கப்பி நாற்காலி என்று ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தால், நம்மை நாமே மேலே தூக்கிக்கொள்ளலாம். அந்த வியாழக்கிழமை அதன் கயிறு நாற்காலி வளையத்திலிருந்து நழுவிவிட்டதாம். கூட்டத்தில் நின்ற ஒருவர், யாரும் கேட்காமலே வந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாராம். இப்போது கயிறு மேலே நைந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

“ஆனா முடிச்சு அவுரல. எங்க ஸ்டாஃப் எல்லாரும் முயற்சி பண்ணியாச்சு. ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பியாச்சு. வெட்டிடலாம்னு கத்தி எடுத்து வச்சிருக்கேன்.”

கோதண்டம் சட்டைக் கையை மடித்துவிட்டு முடிச்சைப் பிடித்து இழுத்தார். வலப்பக்கம் இழுத்தார், கீழே இழுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். முடிச்சு இன்னும் இறுகியது.

“என் கல்யாணத்துல போட்ட முடிச்சுகூட இவ்ளோ ஸ்ட்ராங்கு இல்ல மேடம்.”

வேதசிரோமணி கத்தியை எடுத்தார்.

“வெட்டாதீங்க,” என்றாள் மஹாலட்சுமி.

வந்ததிலிருந்து அவள் உரக்கப் பேசிய முதல் வார்த்தை அதுதான். கோதண்டத்தின் கையை விலக்கிவிட்டு, முடிச்சின் இடது பக்கம் அடியில் கட்டைவிரலைக் கொடுத்து அழுத்தி, ஒரு சுருக்கை உள்ளே தள்ளினாள். அவ்வளவுதான். கயிறு சளசளவென்று பிரிந்து அவள் கையில் விழுந்தது.

“நல்ல கயித்த எதுக்கு வெட்டணும்,” என்றாள். குரல் பழையபடி இறங்கிவிட்டது. பிறகு சுப்ரஜாவைப் பார்த்தாள். “இது எங்காளுங்க எல்லாரும் போடுற முடிச்சுதான் மேடம். நம்மாளு எவனோ வந்துருக்கான். அவரு இல்ல.”

“இல்லையா?”

“இல்ல. கொயந்த எதையோ கேட்டுட்டு ஒளறுது. நீங்க விட்ருங்க மேடம். நாளைக்கே காரியம் பண்ணிடச் சொல்லிடறேன்.”

இரண்டு வருஷம் ஊரையே எதிர்த்து நின்றவள், ஒரு முடிச்சைப் பார்த்ததும் தாலியைக் கழற்றத் தயாராகிவிட்டாள். அம்மாவையும் பெண்ணையும் சோப்புக் குமிழி ஊதும் மேஜைப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, சுப்ரஜா வேதசிரோமணியோடு ஆபீஸ் அறைக்குப் போனாள். கோதண்டமும் கூடவே வந்தார்.

“சார், முடிச்சுப் போட்டவர் தனியா வந்தாரா?”

“தனியா எப்படி வருவார்? அன்னைக்கு ரெண்டு குரூப். ஒண்ணு இந்தப் பொண்ணோட ஸ்கூல். இன்னொண்ணு ஊரப்பாக்கம் பக்கத்துலேர்ந்து ஒரு நர்சரி ஸ்கூல், யூ.கே.ஜி பசங்க. சின்னக் குழந்தைங்கறதால அப்பாவோ அம்மாவோ கூட வரணும்னு வச்சிருந்தாங்க. அவர் பொண்ணைக் கூட்டிட்டு வந்திருந்தார்.”

“அவரோட சொந்தப் பொண்ணுதானா?”

“அதை எப்படிங்க நான் கேக்க முடியும்? ஆனா மூஞ்சி அச்சு அசல். அதோட, ரெண்டு பேருக்கும் இடது கை. அவர் முடிச்சுப் போட்டதும் இடது கையால, அந்தக் குட்டி பல்பு மேஜையில சுத்தினதும் இடது கையால. முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவன், இதெல்லாம் கண்ணுல படும்.” மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு செருப்பை எடுத்து வைத்தார். ரோஸ் நிறம், குழந்தைச் செருப்பு, ஒற்றை. “தோட்டத்துல இருந்தவர் திடீர்னு பொண்ணைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடினார். அது சோப்புக் குமிழி பாக்கணும்னு ஒரே அழுகை. செருப்பு விழுந்ததைக்கூட எடுக்கல. உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்.”

சுப்ரஜா செருப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“‘அப்பா’ன்னு குரல் கேட்டவுடனே ஓடியிருக்கான்,” என்றார் கோதண்டம். இந்தத் தடவை அவர் குரலில் கிண்டல் இல்லை. “யாரு கூப்டறதுன்னு தெரிஞ்சேதான் ஓடியிருக்கான். மேடம், ஊரப்பாக்கம் இன்னா அமெரிக்காவுலயா கீது? வண்டிய எடுக்கறேன். நர்சரி வாசல்ல நின்னா ஆளத் தூக்கிடலாம்.”

“தூக்கி?”

“தூக்கி…” கோதண்டம் யோசித்தார்.

“எங்க கொண்டுபோய் வைக்கிறது அண்ணா?”

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தபோது இந்த இடத்தில் கேஸ் முடிந்துவிடும். ஆள் உயிரோடு இருக்கிறான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். இங்கே கேஸ் முடிந்த இடத்தில்தான் அந்த அம்மாவும் பெண்ணும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“பாப்பாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுங்க. நான் அவங்ககிட்டப் பேசணும்,” என்றாள்.

தோட்டத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் இருந்தது தட்டுக்கு முன்னால் மட்டும்தான். சிமெண்டுப் படியில் மஹாலட்சுமியை உட்கார வைத்து, சுப்ரஜாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மஹாலட்சுமி, எல்லாரும் போடற முடிச்சுன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“அப்படின்னா நீங்களும் வலது பக்கம்தான் தேடியிருக்கணும். அண்ணா வலது பக்கம்தான் இழுத்தார். ஸ்டாஃப் எல்லாரும் அங்கதான் நெம்பியிருக்காங்க, கயித்துல தேஞ்ச அடையாளம் இருந்துது. நீங்க தேடவே இல்லை. முடிச்சைக் குனிஞ்சு பாக்கக்கூட இல்லை. கட்டைவிரல் நேரா இடது பக்கம் போச்சு.”

மஹாலட்சுமி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். செதில் சீவிச் சீவி நகம் தேய்ந்த விரல்.

“அது இடதுகைக்காரர் போட்ட முடிச்சு. எல்லாமே திருப்பிப் போட்டிருக்கும். உங்க வாய் இல்லைன்னு சொல்லிச்சு, கை ஆமான்னு சொல்லிடுச்சு.”

அவள் பேச ஆரம்பித்தபோது அழுகை வரவில்லை. அதுதான் சுப்ரஜாவுக்குத் தாங்கவில்லை.

“அவரு கடல்ல கட்டிக் கொண்டாருவாரு, நான் கரையில அவுப்பேன். ஐஸ் பொட்டி, கூட, வல மூட்ட எல்லாந்தான். பன்னெண்டு வருசம் அவுத்த கையி மேடம். இருட்டுல குடுத்தாலும் அவுக்கும். வெட்டறேன்னு கத்தி எடுத்தாரா, என்னால தாங்க முடியல. கை தானாப் போயிருச்சு. போன பொறவுதான் மூளைக்கு எட்டிச்சு.”

“ஏன் மறைச்சீங்க?”

“பின்ன இன்னா பண்ணச் சொல்ற நீ?” மேடம் போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. “கடல் எடுத்துகினு போச்சுன்னா ஊர்ல எனக்கு ஒரு மருவாதி கீது. அவ புருசன் கடலுக்குப் போயி வரலன்னு நாலு பேரு எந்திரிச்சு எடம் குடுக்கறான். இவன் உசுரோட இங்கயே கீறான்னா நான் யாரு? கானத்தூருக்கும் தாம்பரத்துக்கும் பஸ்ஸு ஓடலியா? ஒருத்தன் வரணும்னு நெனச்சா வர முடியாதா?”

சுப்ரஜா அவள் கையைப் பிடித்தாள். மீன்வாசமும் சோப்பு வாசமும் கலந்து அடித்தது.

“தனியா வந்தானா?” என்றாள் மஹாலட்சுமி.

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் சுப்ரஜா வந்து உட்கார்ந்திருந்தாள். பொய் ஒன்றும் தயாராக வைத்திருந்தாள். ஆனால் இந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே ஒருவன் சொன்ன பொய் போதும் என்று பட்டது. கைப்பையைத் திறந்து செருப்பை எடுத்துப் படியில் வைத்தாள்.

மஹாலட்சுமி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து, விரல்களோடு அளந்து பார்த்தாள்.

“பொண்ணா?”

“ஆமா.”

“எந்தக் கிளாசு?”

“யூ.கே.ஜி.”

“அப்ப அஞ்சு வயசு.” செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். “அவன் போயி ரெண்டு வருசந்தான் ஆவுது. அப்ப எங்கூட இருந்தப்பவே மூணு வயசு இதுக்கு. அஞ்சலிக்கு நாலு வயசுல மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. வெளியூருக்குத் தொழிலுக்குப் போறேன்னு பத்து நாளு வரவேயில்ல. அப்ப இதுதான் பொறந்துருக்கும்.”

சுப்ரஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

“இவளையும் நெத்திலின்னுதான் கூப்டறானா?”

“அப்படித்தான் இருக்கணும்.”

“அப்ப அன்னிக்குக் கூப்ட்டது இவளத்தான். எம் பொண்ண இல்ல.” மஹாலட்சுமி செருப்பைச் சுப்ரஜாவின் மடியில் திருப்பி வைத்தாள். “மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அஞ்சலிகிட்ட மட்டும் சொல்லாதீங்க. எங்கப்பா என்னத்தான் கூப்ட்டாரு, என்னத்தான் கூப்ட்டாருன்னு ஒம்போது நாளா அதே பேச்சா கீறா. போவட்டும். அது கடல்ல போனவனோட ஆவின்னு சொல்லிக்கறேன். செத்தவன் ஒரு தடவ வந்து கொஞ்சிட்டுப் போனான்னு இருந்துட்டுப் போவட்டும். அவளுக்குன்னு அவன் வச்சுட்டுப் போனது அந்த ஒரு பேருதான்.”

“சொல்ல மாட்டேன்,” என்றாள் சுப்ரஜா.

புல்தரையில் கோதண்டம் வந்துகொண்டிருந்தார். கையில் இரண்டு கோன் ஐஸ்கிரீம், இரண்டும் உருகி முழங்கைக்கு வழிந்தது. தனியாகத்தான் வந்தார்.

“பாப்பா எங்க அண்ணா?”

“ஐஸ்கிரீமே வேணாம்னுட்டா மேடம். பேஜாராப் போச்சு. எங்கப்பா மறுபடி பேசினாலும் பேசுவாரு, நான் போயி காது வச்சுகினு நிக்கறேன்னு அந்தாண்ட…”

கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

எதிர்க் கோடியில், அந்தத் தட்டுக்கு முன்னால், அஞ்சலி வளையத்தில் காதை வைத்தபடி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

சுப்ரஜா மெல்லத் தலையைத் திருப்பினாள். குழந்தைகள் உயரத்துக்கு வைத்த இரும்பு வளையம், படியில் உட்கார்ந்திருந்த அவர்கள் இரண்டு பேர் முகத்துக்கும் சரியாக, அரை முழ தூரத்தில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவளே குனிந்து சோதித்துப் பார்த்த வளையம். நிழலைப் பார்த்தாளே தவிர, இதைப் பார்க்கவில்லை. துப்பறிகிறவள் என்று போர்டு வேறு.

மஹாலட்சுமிக்கு இன்னும் புரியவில்லை. “இன்னா மேடம்?” என்றாள்.

தூரத்தில் அஞ்சலி வளையத்திலிருந்து காதை எடுத்தாள். அப்படியே திரும்பி, இடது கையால் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, அதில் வாயை வைத்தாள்.

காதோடு காதாக, பக்கத்தில் நின்று கேட்பதுபோல, தட்டுக்குள்ளிருந்து அந்தச் சின்னக் குரல் வந்தது.

“அம்மா… எனக்கு மூச்சு முட்டுனப்ப அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்துச்சுன்னு சொன்னியே. வரலியா?”